கன்னிக் கத்தியின் மகிமை

மனிதன் குரங்கிலிருந்து பிரிந்தது கத்தியைக் கையில் எடுத்த அன்று. அவன் கனவான் ஆனதோ, எடுத்த கத்தியால் எதையும் வெட்டாமல் விட்ட அன்று. இந்த அரிய உண்மையைக் கண்டறிந்தவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் நலன்புரி உத்தியோகத்தர் ஆண்டியப்பன்.

மூன்று அலகு, ஐந்து அலகு என்று அறுபத்திரண்டு மடக்குக்கத்திகள் அவரிடம் இருந்தன. மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண், ஞாயிறுதோறும் எண்ணெய்க் குளியல். ஒருமுறைகூட எதையும் வெட்டாத கத்திக்கு அவர் வட்டாரத்தில் 'கன்னிக் கத்தி' என்று பெயர். ஹட்டனில் மாதமொருமுறை கூடும் சேகரிப்பாளர் ஒன்றியம் இந்தக் கற்பைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தது. சென்ற ஆண்டு ஓர் அங்கத்தவர் கூட்டத்தின் நடுவே சொந்தக் கத்தியால் பேரிக்காய் நறுக்கிவிட்டார். அவரை ஏகமனதாக நீக்கினார்கள். மிச்சப் பேரிக்காயைக் கடித்துத் தின்றார்கள்.

அன்று மழை விட்ட நேரம். புதிதாக வாங்கிய ஏழு அலகுக் கத்தியைத் தேயிலைச் செடியில் சாய்த்துவைத்துப் படம் பிடிக்க ஆண்டியப்பன் மலைக்கு வந்திருந்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலாயி சறுக்கினாள். தலையில் மாட்டியிருந்த கூடைக்கயிறு கழுத்துக்கு இறங்கி இறுகியது. கூடை செடித்தூரில் சிக்க, கால்கள் வடிகானின் பள்ளத்துக்கு மேலே தொங்கின. கங்காணி மூக்கன் பாய்ந்து அவளைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார். பக்கத்து நிரையிலிருந்து நாகலெட்சுமி ஓடிவந்தாள்.

"ஐயா! அந்தக் கத்தியைக் குடுங்க! வேலாயிக்கு மூச்சு நிக்கப்போகுதுங்க!"

ஆண்டியப்பன் பதறினார். பதறினாலும் முறை தவறவில்லை. "என்ன கயிறும்மா அது? தென்னந்தும்பா, நைலோனா? ஒவ்வொரு அலகுக்கும் ஒவ்வொரு வேலை இருக்கு."

"கழுத்துல இருக்கிற கயிறுங்க!"

"நனைஞ்சிருக்கா?"

"நான் கையை விட்டா இவ செத்தா! ஒரே இழுப்புதாங்க!" என்று மூக்கன் கத்தினார்.

"ஒரு இழுப்புன்னாலும் இழுப்புதானே மூக்கன்? அப்புறம் இதை எப்படிக் கன்னிக் கத்தின்னு சொல்றது? ஒன்றியத் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுறேன்."

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. சிக்னலைத் தேடி மேட்டில் ஏறினார். ஒரு பொறுப்புள்ள அதிகாரி இதைவிட என்ன செய்துவிட முடியும்?

நாகலெட்சுமி கயிற்றில் வாயை வைத்துக் கடித்தாள். பாதி நைந்த கயிறுதான். ஆனாலும் அது அறுந்தபோது அவளுடைய முன்பல் ஒன்றும் கூடவே வந்தது. வேலாயி மூக்கனின் தோளில் சரிந்து, இருமி, மூச்சுவிட்டாள்.

ஆண்டியப்பன் இறங்கிவந்தார். "முருகா, தப்பிச்சுது!" என்று கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

பின்னேரம் விபத்து அறிக்கை தயாரானது. 'நலன்புரி உத்தியோகத்தரின் துரித நடவடிக்கையால் உயிரொன்று காக்கப்பட்டது. சேதம்: எதுவுமில்லை.' சாட்சிக் கையெழுத்துக்கு நாகலெட்சுமியை ஆபீசுக்கு அழைத்தார்கள். அவள் ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். பேனாவைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல்லை எடுத்து அறிக்கையின் மேல் வைத்தாள்.

"உங்க கத்திங்களோட இதையும் வைங்கய்யா," என்றாள். "அறுக்கிறது ஒண்ணாவது இருக்கட்டும்."