லொறிக்காரன் கட்டிய படகு வீடு

தளர்ந்து கிடக்கும் கயிற்றைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அதை ஒரு வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாவுலயிலிருந்து மரக்கறி ஏற்றிப் போகும் லொறி என்னுடையது. (ஓட்டுவது நான். சொந்தக்காரர் முதலாளி.) மூட்டை அடுக்கி, தறப்பாள் போட்டு, நான் ஒரு கட்டுக் கட்டினால் வழியில் ஒரு கத்தரிக்காய் விழாது. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அந்தக் கட்டுதான். அதை எங்கே காட்டக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

மகள் கவிதாவுக்குப் பதுளைப் பக்கம் மாப்பிள்ளை பேசினோம். பெயர் தினேஷ். கண்டியில் துணிக்கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தவைதான். (எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.) மாப்பிள்ளையின் அப்பா சரி என்றுவிட்டார். அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"பரிசத் தட்டோட வர்றோம். வந்து பாக்குறேன். மனசுக்குப் பட்டா தட்டு மாத்துவோம். இல்லன்னா தட்டு எங்களோடயே திரும்பி வரும்."

போனில் இப்படித்தான் சொன்னார். கவிதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

நல்ல நேரம் காலையில் வெள்ளென. அதனால் அவர்கள் முதல் நாளே வந்து தங்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள். மற்றதில் வெங்காயம்.

முதலாளி நல்ல மனுசர். ஊருக்கு அப்பால் ஒரு குளத்தில் அவருக்குப் படகு வீடு ஒன்று இருந்தது. அடியில் பீப்பாய்கள், மேலே பலகை, இரண்டு அறை, ஒரு வராந்தா. வெளிநாட்டுக்காரர் வந்து தங்குவார்கள். "இந்தக் கெழம ஆள் இல்ல. சம்பந்திய அங்க தங்க வைங்க" என்று சாவியைக் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

என் மனைவி செல்வராணிக்குப் புரிந்தது.

"ஏங்க, தண்ணி மேலயா படுக்க வைக்கப் போறீங்க?"

"வெள்ளக்காரன் படுக்கிறான்."

"வெள்ளக்காரன் பொண்ணு எடுக்க வரலயே."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லொறியை எடுத்தேன்.

படகைப் பார்த்துக்கொள்பவர் பண்டா அய்யா. கரையில் இருந்த இரண்டு மரங்களில் கயிறு கட்டியிருந்தார். கட்டா அது? துணி காயப்போடும் கொடி மாதிரித் தொங்கியது. வீட்டுக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, கயிறு இப்படியே இருக்கணும். தண்ணி ஏறும், இறங்கும். தொட வேண்டாம்."

"ஹரி, ஹரி" என்றேன். சிங்களத்தில் சரி என்று சொன்னேனே தவிர, எந்த மொழியிலும் காதில் வாங்கவில்லை.

சாயந்தரம் அவர்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, தினேஷ். சம்பந்தியம்மா பலகையில் ஏறும்போது மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டே ஏறினார். பரிசத் தட்டுகளை வராந்தாவில் வரிசையாக வைத்தார்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, எலுமிச்சை, ஒரு சிவப்புப் பட்டுச் சேலை. பார்க்க நிறைவாக இருந்தது. பிறகு காற்று வந்தது.

"தினேஷு, வீடு ஆடுது."

"படகும்மா. ஆடத்தான் செய்யும்."

"கட்டில் ஆடுது. கதவு ஆடுது. இவங்க வீட்டுல எதுதான்டா ஆடாம நிக்கும்?"

அது எனக்குச் சுருக்கென்றது. இறங்கினேன். படகைக் கரையோடு ஒட்ட இழுத்தேன். மரத்தில் காலை உதைத்துக்கொண்டு, கோசு மூட்டைக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு மரத்திலும் இறுக்கிக் கட்டினேன். படகு அசையவில்லை. சம்பந்தியம்மா வந்து பலகையில் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கவிதாவுக்குப் போன் எடுத்து, "பாப்பா, அத்தைக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, குளக்கட்டில் நிறுத்திய லொறியில் ஏறிப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன் தூங்கியதில்லை.

"அய்யோ முருகா!"

சம்பந்தியம்மாவின் அலறல். விடிந்திருந்தது. ஓடினேன். வயலுக்கு மதகைத் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கிவிட்டது. படகும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. என் கட்டு விடவில்லை. கரைப் பக்கம் மேலே தூக்கி நிற்க, குளத்துப் பக்கம் தண்ணீருக்குள் சாய்ந்திருந்தது. மொத்தத்தில் படகு வீடு சறுக்குமரம் ஆகியிருந்தது.

பரிசத் தேங்காய்கள் ஒவ்வொன்றாக உருண்டு தண்ணீரில் விழுந்தன. எலுமிச்சம்பழங்கள் முன்னாலேயே போய்விட்டன. வெற்றிலை குளத்தில் பரவிக் கிடந்தது. சம்பந்தி இடுப்புச் சாரத்தை ஒரு கையிலும் கதவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அமைதியாகக் கேட்டார்.

"சம்பந்தி, இங்க வழமையா இப்படித்தானா?"

சம்பந்தியம்மா கீழ்ப்பக்க மூலையில் தூணைக் கட்டிப்பிடித்திருந்தார். கட்டிலும் அவரைத் தேடிக்கொண்டு அங்கே வந்திருந்தது. பட்டுச் சேலையை மட்டும் நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். (அந்த நிலைமையிலும் சேலையை விடவில்லை. அப்போதே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.)

"அம்மா! நான் வர்றேன்!" என்று தினேஷ் குளத்தில் குதித்தான். தண்ணீர் இடுப்பளவு. கொஞ்ச நேரம் நீந்துகிற மாதிரி செய்தான். பிறகு எழுந்து நின்றான்.

"தட்டு கவுந்துருச்சு. சகுனமே சரியில்ல" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "நான் அப்பவே நெனச்சேன்."

நான் கட்டை அவிழ்க்கப் போனேன். பாரம் ஏற ஏற இறுகுகிற கட்டு அது. படகின் பாரம் முழுக்க அதில் தொங்கியது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பண்டா அய்யா சைக்கிளில் வந்து இறங்கினார். படகைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு அடி அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஆட்டோ வந்தது. செல்வராணியும் கவிதாவும் இடியப்பத்தோடு இறங்கினார்கள். செல்வராணி அப்படியே குளக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கவிதா வந்து மரத்தைப் பார்த்தாள்.

"லொறிக் கட்டாப்பா?"

"ம்."

"கத்தி எங்க?"

"முதலாளி கயிறு, பாப்பா."

"அத்தை தொங்குறாங்கப்பா."

லொறிக்கு ஓடி, இருக்கைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து வந்தாள். அறுக்குமுன் தினேஷைப் பார்த்து, "நீங்க அங்கிட்டு ஒதுங்குங்க" என்றாள். பிறகு படகைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அத்தை, தூண விட்டுறாதீங்க. ஒரு குலுக்கு குலுக்கும். அப்புறம் ஆடும். ஆடுனா பயப்படாதீங்க. ஆடுனாத்தான் நல்லது."

"நீ அறு தாயி!"

இரண்டு மரத்திலும் அறுத்தாள். படகு சேற்றில் வழுக்கித் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. நிமிர்ந்தது. ஆடியது. பண்டா அய்யா கயிற்றின் நுனியை ஓடிப் பிடித்து மரத்தில் கட்டினார். தளர்வாக.

கவிதா இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் போய்க் கை கொடுத்தாள். சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார். கொண்டை அவிழ்ந்திருந்தது. முழங்கால் வரை சேறு. என் முன்னால் வந்து நின்றார். நான் தரையைப் பார்த்தேன். என்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகிறது என்று நினைத்தேன். அதைவிட, கவிதா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நின்றதுதான் தாங்க முடியவில்லை.

"நல்ல நேரம் போயிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கு" என்றாள் செல்வராணி, மெதுவாக.

"அப்ப தட்ட எடுங்க."

"தேங்காயெல்லாம் குளத்துல கெடக்கே" என்றார் சம்பந்தி.

"கெடந்தா பொறுக்கச் சொல்லுங்க, அவன் தண்ணியிலதானே நிக்கிறான். இந்தப் புள்ளைய இந்த மனுசன்கிட்டருந்து எவ்வளவு சுருக்கா கூட்டிட்டுப் போறமோ அவ்வளவு நல்லது."

முதலில் சிரித்தது பண்டா அய்யா. பிறகு எல்லோரும். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தூசி என்று சொன்னேன். குளக்கரையில் ஏது தூசி?)

நனைந்த தேங்காயோடு குளக்கட்டிலேயே தட்டு மாற்றினோம். சம்பந்தியம்மா சேற்றுக் காலோடு நின்று, நனையாத அந்தச் சேலையைக் கவிதா கையில் கொடுத்தார்.

புதுக் கயிறு வாங்கிப் போய் முதலாளியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அதற்கும் நான் கடமைப்பட்டவன்.

கல்யாணத்தன்று மேளம் கொட்டும்போது சம்பந்தியம்மா மணவறைக்குக் கேட்கும்படி சொன்னார்: "டேய் தினேஷு, மாமா மாதிரி கட்டிராத. கழுத்துடா அது." இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்றே ஓர் அறை இருக்கிறது. வெங்காயம் வெளியே போய்விட்டது. அவர் வந்தால் படுக்கப் போகுமுன் கேட்பார்: "அண்ணே, வீட்ட எங்கயும் கட்டி வைக்கலயே?"

போன மாதம் பேத்திக்குப் பெயர் வைத்தோம். தொட்டில் கட்ட வேண்டும். தினேஷ் கயிற்றை எடுத்தான். சம்பந்தியம்மா அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"இத மட்டும் நீங்க கட்டுங்கண்ணே. உங்க கட்டு விடாது."

கூரை வளையில் கட்டினேன். அவர் இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிள்ளையைக் கிடத்தினார். ஆட்டிவிட்டார்.

பிறகு கவிதாவைப் பார்த்துச் சொன்னார்:

"எதுக்கும் அந்தக் கத்தி பக்கத்துலயே இருக்கட்டும், தாயி."