தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டருக்கு ஒரு நெட் கார்டு

ஆன்போர்டு வேற, கார்டு வேறன்னு எனக்கு முதல்ல சொன்னது பெங்களூர்ல வேலை பாக்கற என் பையன் ஜெபராஜ். பிராட்பேண்ட் வந்த புதுசு. ஆம்பூர்ல பெரிய இடி ஒண்ணு இடிச்ச மறுநாள் போன்ல சொன்னான்.

"அம்மா, நெட் ஒயர் சொருவற ஓட்டை கம்ப்யூட்டரோடயே வந்தது. அதான் ஆன்போர்டு. இடியில அது செத்துப்போச்சு. கடையில குடுத்து தனியா ஒரு கார்டு போட்டுக்கோ."

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான். கார்டு போட்டுட்டு வரணும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்துச்சு. என் பொண்ணு கிரேஸ் மஸ்கட்ல நர்ஸ். அங்கயே பிள்ளை பெத்துட்டா. ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்குக் கேமராவுல பேரனைக் காட்றேன்னு சொல்லியிருந்தா. நான் இன்னும் அவன் முகத்தைப் பாக்கல.

இங்க என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். ஷூ கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கம்ப்யூட்டர் வாங்கின வாரமே அதுக்கு அளவெடுத்து, தோல்லயே ஒரு சட்டை தைச்சுட்டார். பின்னாடி ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு ஓட்டை, பஞ்ச் வெச்சுப் போட்டது. காத்து போவ, ஷூவுல போடற மாதிரி பொடி ஓட்டையும் உண்டு. எந்த ஒயர் எங்கன்னு நான் யோசிக்கவே வேணாம். ஓட்டை இருக்கற இடத்துல சொருவினா ஆச்சு!

சட்டையைக் கழட்டி வெச்சுட்டு, பெட்டியை மட்டும் ஆட்டோவுல ஏத்தினேன். கடைக்காரர் இம்தியாஸ் பாய் திறந்து பாத்தார்.

"எது நல்லது பாய்? ஆன்போர்டா, கார்டா?"

"ஆன்போர்டே வேணும்னா மொத்த போர்டையும் மாத்தணும்மா. செலவு ஜாஸ்தி, பேஜாரும் ஜாஸ்தி. கார்டுன்னா சின்ன வேலை. நாளைக்கு இன்னொரு இடி வந்தாலும் அது மட்டும் போவும். போர்டு தப்பிச்சாலும் தப்பிச்சுடும்."

"அப்ப அடி வாங்கறதுக்குன்னே ஒருத்தனை வெக்கறீங்களா?"

"அப்படி வெச்சுக்கோங்க."

எனக்குக் கார்டு மேல பாவமா இருந்துச்சு. இருந்தாலும் அதையே போடச் சொன்னேன்.

கடையில நெட் ஜம்முனு ஓடுச்சு. வீட்டுக்கு வந்தேன். இவர் அதுக்குச் சட்டையை மாட்டி, பட்டன் போட்டு, தடவிக் குடுத்தார். நான் ஓட்டை பாத்து எல்லா ஒயரையும் சொருவினேன். ஜெபம் பண்ணிட்டு சுவிட்ச் போட்டேன்.

நெட் இல்ல. ஒயர் சொருவலன்னு ஸ்கிரீன்ல எழுதி வந்துச்சு.

"இன்னாங்க இது! என் கையால சொருவினேன், இல்லங்குதே!"

"புதுசு இல்ல? பழகணும்"னார் இவர். புது ஷூவைப் பத்தி அவர் சொல்ற அதே வார்த்தை.

மறுநாள் சட்டையைக் கழட்டி, திரும்ப ஆட்டோ. கடையில சொருவின உடனே ஓடுச்சு. வீட்டுக்கு வந்து சட்டை போட்டா, ஒயர் சொருவலங்குது.

ஜெபராஜுக்குப் போன் பண்ணேன். "கேபிளை நல்லா அழுத்தும்மா"ன்னான். அழுத்தினேன். கம்ப்யூட்டரே நகர்ந்து செவுத்துல முட்டுச்சு.

"கடையில நல்லாத்தான் இருக்குப்பா. நம்ம வீட்டுக்கு வந்தாத்தான் இப்படிப் பண்ணுது."

"அது என்னம்மா, மருமகளா?"

எனக்கு வேற வழி தெரியல. ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதிக் குடுத்துட்டேன். எங்க போதகர் ஐயர் அதை சத்தமா வாசிச்சார். "ஒரு சகோதரியின் வீட்டில் புதிதாக வந்திருக்கும் கார்டு, அந்த வீட்டோடு இசைந்திருக்கும்படி ஜெபிப்போம்." சபையே ஆமென் சொல்லுச்சு. பக்கத்துல இருந்த எஸ்தர் அக்கா என் கையைப் பிடிச்சு, "ரேஷன் கார்டா சிஸ்டர்?"னு கேட்டாங்க.

ஆமான்னுதான் தலையாட்டினேன். விளக்கம் சொல்ல நேரமில்ல.

போன் பண்ணிக் கெஞ்சினதுல, ரெண்டரைக்கு இம்தியாஸ் பாயே வீட்டுக்கு வந்துட்டார், பிரியாணிக் கையைக் கழுவின ஈரத்தோட. பின்பக்கம் குனிஞ்சு பாத்தார்.

"கார்டுல லைட் எரியுதான்னு பாக்கணும். இந்தச் சட்டையைக் கழட்டுங்க மாஸ்டர்."

"கழட்டாமப் பாக்க முடியாதா?"

"டாக்டர் கூட சட்டையைக் கழட்டித்தான் பாக்கறார் மாஸ்டர்."

"ஈரக் கையோட தொடாத பாய், கறை புடிக்கும்."

இவரே ஒவ்வொரு பட்டனா கழட்டினார். நான் கடிகாரத்தைப் பாத்துட்டே நின்னேன்.

சட்டை கழண்டுச்சு. பாய் பாத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

புது கார்டோட ஓட்டை கீழ்ப்பக்கம், பளபளன்னு காலியா இருந்துச்சு. என் ஒயர், மேல செத்துப்போன ஆன்போர்டுல, அசைக்க முடியாத அளவுக்கு அழுத்தி சொருவியிருந்துச்சு. சட்டையில நெட்டுக்கு இருந்த ஓட்டை அது ஒண்ணுதானே! அதைத் தைச்சப்போ கார்டு ஏது?

மூணு நாளா அந்தக் கம்ப்யூட்டர் உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு. நான்தான் அதைப் பொய்க்காரன் ஆக்கிட்டேன்.

பாய் ஒயரை மாத்தினார். பச்சை லைட் எரிஞ்சுச்சு. கிரேஸ் வந்துட்டா! "அம்மா, தெரியறானா?"

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தான். அங்கயும் எனக்குப் பின்பக்கம்தான் கிடைச்சது. கிரேஸ் மெதுவா திருப்பினா. குட்டியா ஒரு கொட்டாவி விட்டான். "ஸ்தோத்திரம்"னு சொன்னேன்.

"மாமா ஜாடை"ன்னார் பாய், ஜெபராஜைப் பாத்ததே இல்லாதவர்.

திரும்பிப் பாத்தா, இவர் பேரனைப் பாத்துக்கிட்டே, சட்டையை மடியில வெச்சுத் தடவிட்டு இருந்தார். "நல்ல தோலு. இன்னொரு ஓட்டையா?"ன்னார். போட்டார், மறுநாள் சாயங்காலம். பழைய ஓட்டையை மூட அதே தோல்ல ஒரு பூ வெட்டித் தைச்சார்.

எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்கன்னா, அந்தச் சட்டை நல்லா இருக்குன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பூ எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க.