கெண்டைக் குழம்பும் நான் பிடிக்காத பந்தும்

என் வாயில மிச்சமிருக்கிற ஆறு பல்லு மேல சத்தியம். இதுல ஒரு எழுத்துகூட பொய்யில்லை.

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மந்தாரக்குப்பத்துல எங்க வூட்டுலேர்ந்து ஒரு தூக்கு கெண்டை மீன்குழம்பைக் கொண்டுபோய், டவுன்ஷிப்புல சம்பந்தி குவார்ட்டர்ஸ்ல கொடுக்கணும். மருமவ அங்கதான் இருக்கா, ஏழு மாசக் கர்ப்பம். "அத்த கையால மீன்குழம்பு வேணும்"னு கேட்டிருக்கா.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு கேட்டது. வழியில எவன்கிட்டயாவது கதையளந்துகினு நின்னீங்க, வூட்டுப் பக்கமே வராதீங்க!" இது என் சம்சாரம்.

முப்பத்தஞ்சு வருஷம் நிலக்கரி மைன்ஸ்ல ஷிப்ட் பார்த்தவன் நான். டவுன்ஷிப்புக்கு எனக்கு வழி சொல்லணுமா? நேரா போய் கேட்டைத் திறந்தேன். அதே மஞ்சள் சுவரு, அதே முருங்கை மரம், அதே வூட்டு நம்பர்.

பிளாக் மட்டும்தான் வேற!

உள்ளே நாலு பெருசுங்க. ஆளுக்கொரு முட்டியில பட்டை. ஒருத்தர் ஓடிவந்து கட்டிப்பிடிச்சார். "டேய் கோல்கீப்பர்! முப்பது வருஷமாச்சேடா! முடியெல்லாம் எங்கடா போச்சு?"

மெல்ல விசாரிச்சா, நாலு பேரும் ஒருகாலத்துல ஃபுட்பால் டீம்ல ஒண்ணா ஆடினவங்களாம். அஞ்சாவது ஆளான கோல்கீப்பர் கடலூர்லேர்ந்து மீன்குழம்போட வர்றதா ஏற்பாடாம். என் கையில பார்த்தா, மீன்குழம்பு!

யோக்கியனா இருந்தா, "நான் அவரு இல்லீங்க, வூடு மாறி வந்துட்டேன்"னு கிளம்பியிருப்பான். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஒருத்தர், "அந்த ஃபைனல்ல கடைசி பெனால்டிய எப்பிட்றா பிடிச்சே?"ன்னு கேட்டுட்டார்.

என்கிட்ட போய் அப்படிக் கேக்கலாமா?

"அதுவா... வந்த வேகத்துல என் பனியனே கிழிஞ்சிதுப்பா. கையில பிடிச்சிட்டுப் பாக்கறேன், பந்துலேர்ந்து புகை வருது!"

ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கினார். மத்த மூணு பேர் சோத்தைப் போட்டுகினாங்க. நான் அந்தப் புகையை அணைச்சு முடிக்கிறதுக்குள்ள தூக்கு காலி. மீன் தலைகூட மிச்சமில்லை!

"எங்க, ஒரு தடவை பிடிச்சுக் காட்டுடா!"

வூட்டுக்குப் பின்னால ரெண்டு துணிக்கொடிக் கம்பம். நடுவுல நான். முட்டியில பட்டை கட்டின மனுஷன் மெதுவாத்தான் அடிப்பார்னு நினைச்சேன். அடிச்சார் பாருங்க! பந்து நேரா வயித்துல. வாழை மரத்தடியில போய் மல்லாந்துட்டேன்.

அப்பத்தான் கேட்டு திறந்துது. நெட்டையா ஒருத்தர், கையில தூக்கு. "யார்றா அது, என் எடத்துல படுத்துகினு இருக்கறது?"

படுத்தபடியே உண்மையைச் சொல்லிட்டேன். "மருமவளுக்குக் கொண்டாந்த குழம்புங்க. மாசமா இருக்கா."

நெட்டையர் நாலு பேரையும் முறைச்சார். "புள்ளத்தாச்சி சோத்தையாடா தின்னீங்க? வெக்கமா இல்ல?" அப்புறம் தன் தூக்கை என்கிட்ட நீட்டினார். "வஞ்சிரம். இதையாவது கீழ போடாம பிடிய்யா!"

கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். சாயங்காலம் மருமவ போன் பண்ணா. "அத்த, ஒரு முள்ளுகூட தட்டுப்படல! நீங்க இப்பிடி வெச்சதே இல்ல!"

சம்சாரம் என் பக்கம் திரும்பினா. "கெண்டையில முள்ளு இல்லையா?"

"நான்தான் வழியில ஒரு மரத்தடியில உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். பாவம், வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு."

நாப்பது வருஷத்துல முதல் தடவையா என்னைப் பெருமையா பார்த்தா. "அப்ப பிரசவம் ஆகற வரைக்கும் வாராவாரம் கொண்டுபோங்க. அதே மாதிரி முள்ளெடுத்து!"

மறுநாளே கடலூருக்கு, நெட்டையர்கிட்ட ஓடினேன். வாராவாரம் வந்து குழம்பை மாத்திக்க ஒத்துகினார். கெண்டை அவங்களுக்கு, வஞ்சிரம் மருமவளுக்கு. ஒரே ஒரு கண்டிஷன்: ஒவ்வொரு வாரமும் நான் அந்தக் கம்பத்துக்கு நடுவுல நிக்கணும்.

இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க, பரவாயில்லை. யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பிரசவத்துக்கு இன்னும் எட்டு ஞாயிறு இருக்கு.