மல்லிகாவின் சாக்ஸும் என் பாய்லர் சர்வீசும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. வீட்டு பாய்லரை சர்வீஸ் செய்ய வேண்டும்.

மலேசியாவில், கேமரன் மலையில், வீட்டுக்கு பாய்லரா என்கிறீர்களா? துறைமுகத்தில் சுங்க அதிகாரியும் அதையேதான் கேட்டார். ஸ்காட்லாந்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவன் டிவி கொண்டுவருவான், சோபா கொண்டுவருவான். நான் ஒரு பாய்லரையும் ஆறு ரேடியேட்டரையும் கப்பலில் ஏற்றி வந்தேன். ரேடியேட்டர் என்பது சுவரோடு நிற்கும் இரும்புப் பலகை. பாய்லர் காய்ச்சும் தண்ணீர் அதற்குள் ஓடும், அறை சூடாகும்.

எல்லாம் என் மனைவி மல்லிகாவுக்காக.

"நடுங்கினது போதும். இனி வெயில் அடிக்கிற ஊர்ல இருக்கணும்" என்று சொல்லித்தான் அவள் விமானம் ஏறினாள். நான் கூட்டிவந்த இடம், நாட்டிலேயே வெயிலை நம்ப முடியாத ஊர். தானா ராத்தாவுக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவை ஒட்டி, அப்பா வாங்கிப்போட்ட வீடு. ஒரு வாரம் இருந்தாள். பிறகு கிள்ளானில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனவள், போனவள்தான்.

அந்த வாரத் தொடக்கத்தில் போனில் தீர்ப்பு வந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன். ஒரே ஒரு ராத்திரி. படுக்கும்போது நான் சாக்ஸ் போட வேண்டி வந்துச்சுன்னா, காலைல முதல் பஸ். அப்புறம் நீங்க தேயிலையோட குடித்தனம் பண்ணிக்குங்க."

ஆக, என் இல்லறம் ஒரு பாய்லரின் கையில்.

தனியாளுக்கு எதற்கு என்று மாதக்கணக்கில் அதை அணைத்தே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கையேட்டைப் பிரித்தேன். தமிழில் ஆறு வருஷம், ஆங்கிலத்தில் மிச்சமெல்லாம் படித்தவன் நான். இரண்டு மொழியிலும் எனக்குப் புரியாத வாக்கியம் முதல் பக்கத்திலேயே இருந்தது: 'தகுதி பெற்றவர் மட்டுமே திறக்கவும்.' அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து லெட்சுமி அக்கா வாசலில் நின்றார். சாமந்தி போடுகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மலையிலிருந்து வருவது ஒரே தண்ணீர்க் குழாய். அதனால் என் வீட்டு விஷயம் எல்லாமே அவர் விஷயம்.

"தம்பி, மெஷினைத் தொடுறியே, சாமிக்கு விளக்கு ஏத்துனியா?"

"அது மெஷின்க்கா. கேஸ் இருந்தா எரியும்."

"பொண்டாட்டி கிள்ளான்ல, நீ இங்க. இதுல வாய் வேறயா? வெள்ளிக்கிழமை லா! ஏத்து!"

நான் விளக்கேற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சாக்ஸ் நினைவுக்கு வந்தது. ஹால் சுவரில் இருந்த சாமித் தட்டில் விளக்கை வைத்து ஏற்றினேன். ஒரு திரி.

பிறகு மூன்று மணி நேரம் தட்டினேன், துடைத்தேன், திருகினேன். சிலந்தி ஒன்று குடும்பத்தோடு வெளியேறியது. மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

சத்தம் இல்லை.

குளியலறைக் குழாயைத் திறந்தால் பாய்லர் எரிந்து சுடுதண்ணீர் கொட்டுகிறது! ரேடியேட்டரைத் தொட்டால் பிணம் மாதிரி இருக்கிறது.

இனி கௌரவம் பார்த்து ஆகாது. முனியாண்டி அண்ணனுக்கு போன் போட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, என் பாய்லரை இரண்டு தடவை சுற்றி வர முயன்றார். அது சுவரில் மாட்டியிருந்தது.

"இதுக்கு விறகு எங்க போடுறது?"

"கேஸ்ணே."

"ஓ." அவர் குரலில் மரியாதை இறங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை பைப்பில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். "காத்து அடைச்சிருக்கு. ஆறையும் திறந்து காத்தை விடணும்."

ஆறையும் திறந்தோம். காற்று கொஞ்சம் வந்தது. அதன் பின்னால் மை போல் கறுப்புத் தண்ணீர் நிறைய வந்தது. என் சட்டை, அண்ணன் வேட்டி, மல்லிகா அனுப்பி வைத்த புது வெள்ளைத் திரைச்சீலை, எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

லெட்சுமி அக்கா வாளியை எட்டிப் பார்த்தார். "சத்து இருக்குமா? சாமந்திக்கு ஊத்தலாமா?"

"வேணாம்க்கா!"

வெளியேறிய தண்ணீருக்குப் பதில் தண்ணீர் நிரப்ப வேண்டும். குழாயில் அழுத்தம் இல்லை. அக்கா தோட்டத்தில் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. பூ வாடினாலும் பரவாயில்லை என்று போய் அடைத்துவிட்டு வந்தார். வரும்போதே விளக்கைப் பார்த்தார்.

"ஒத்தைத் திரி! சாமி எப்படி இறங்கும்?" இன்னும் இரண்டு திரி போட்டார்.

நிரப்பினோம். ஸ்விட்சைத் தட்டினோம். சத்தம் இல்லை.

மணி நாலு. வெளியே பனி தேயிலை மேல் இறங்கிவிட்டது.

"தெர்மோஸ்டாட்டைப் பாருடா" என்றார் அண்ணன், எங்கோ கேட்ட வார்த்தையைத் துணிச்சலாகப் போட்டு.

அது ஹால் சுவரில் இருக்கும் வட்டத் திருகு. எத்தனை டிகிரி வேண்டும் என்று அதில் வைத்தால், வீடு அந்தச் சூட்டுக்கு வரும்வரை பாய்லர் எரியும், வந்ததும் நின்றுவிடும். இருபத்திரண்டில் இருந்தது. இருபத்தைந்துக்குத் திருப்பினேன். இல்லை. கடைசி எண் முப்பது. குறடு வைத்து ஒரே திருப்பு. 'மளுக்' என்றது. திருகின் தலை என் கையில், முள் முப்பதில்.

"இப்பவும் எரியலையே!" என்றேன்.

"அஞ்சு முகமும் ஏத்திடுறேன்" என்றார் அக்கா. எண்ணெய் வழிய வழிய ஊற்றினார். நானும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கைகூப்பி நின்றேன்.

ஆறேகாலுக்கு டாக்சி வந்தது. மல்லிகா உள்ளே வந்தாள். சால்வையைக் கழற்றவில்லை. கறுப்புத் தரையைப் பார்த்தாள், கறுப்புத் திரைச்சீலையைப் பார்த்தாள், கறுப்பாக நின்ற இரண்டு ஆண்களைப் பார்த்தாள்.

"சாக்ஸ் பெட்டியில மேலேயேதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

பிறகு சாமித் தட்டைப் பார்த்தாள். "ஏங்க, விளக்கு இப்படியா எரியும்? சுவரெல்லாம் கரி பிடிச்சுப் போச்சு!" விளக்கைத் தூக்கி ஜன்னல் பக்கம் இருந்த மேசையில் வைத்தாள்.

அக்கா தேத்தண்ணி கலக்கப் போனார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

'டக்.'

சமையலறையில் பாய்லர் குபீரென்று பற்றி உறுமியது!

நான் சுவரைப் பார்த்தேன். விளக்கு இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே தெர்மோஸ்டாட். நாள் முழுக்க அதன் அடியில் தீபம் காட்டியிருக்கிறோம். வீடே அடுப்பாக எரிகிறது என்று நினைத்து, ரேடியேட்டர் பக்கம் பாய்லரை அது நிறுத்தியே வைத்திருக்கிறது; குளியலறைக் குழாய் மட்டும் அதன் அதிகாரத்தில் இல்லை. நாங்கள் வேண்ட வேண்ட, திரி கூடக் கூட, அது இன்னும் உறுதியாக மறுத்திருக்கிறது. அதை அங்கே மாட்டிய மேதை யார்? நான்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. புது ஓட்டை போடச் சோம்பல்.

காரணத்தை விளக்கிச் சொன்னேன். லெட்சுமி அக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பாத்தியா, சாமி அவ கையாலதான் செய்யணும்னு இருந்திருக்கு."

"காத்து எடுக்கலன்னா எரிஞ்சிருக்காது" என்றார் முனியாண்டி அண்ணன்.

ஏழரைக்கு மல்லிகா சால்வையைக் கழற்றினாள். எட்டுக்கு ஸ்வெட்டரை. எட்டரைக்கு அண்ணன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு, "தொழிற்சாலை ஞாபகம் வருது" என்றார். ஒன்பதுக்கு எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. முள் முப்பதில் சிக்கிக் கிடந்தது. திருப்பத் தலை இல்லை.

"அணைச்சிடவா?" என்றேன்.

"தொடக் கூடாது!" மூன்று பேரும் ஒரே குரலில்.

"விளக்கைத் திரும்ப அங்கேயே வெச்சா நின்னுடுமே" என்றார் அக்கா.

"சாமி விளக்கை ஸ்விட்ச் ஆக்காதீங்கக்கா" என்றாள் மல்லிகா. நெற்றியில் வியர்வை. வெறுங்காலைத் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டாள். "இருக்கேன். ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணு வாங்கித் தரணும்."

மறுநாள் தானா ராத்தா மின்சாமான் கடை. கடைக்காரர் மேல் தட்டில் கிடந்த பெட்டியை எடுத்து, தூசியை ஊதி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபேனா? ஏன் சார், கீழே ஈப்போ வெயிலுக்கு வீடு மாத்துறீங்களா?"

"இல்லண்ணே" என்றேன். "பாய்லரை சர்வீஸ் பண்ணேன்."