பட்டு தேறிய பரீட்சை

ஔந்த், புனே
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி வைஜயந்திக்கு,

உன் அத்திம்பேர் சேஷு நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்கா பட்டுவும் வேளைக்குச் சாப்பிட்டு, மருந்து மாத்திரைகளின் தயவில் இங்கே நலமாக இருக்கிறோம். திருச்சியில் நீயும் ரவிசந்திரனும் மலைக்கோட்டைப் பிள்ளையார் கண்பார்வையில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போன் செய்யும்போதெல்லாம் அக்கா குளிக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவந்தேன். போன வாரம் நீ, "என்ன அத்திம்பேர், எப்போ கூப்பிட்டாலும் அக்கா குளிச்சிண்டே இருக்காளே, தோல் உரிஞ்சு போயிடாதோ?" என்று கேட்டாய். வாசலில் மணி அடிக்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அக்காவுக்கு ஞாபகம் குறைகிறது, வைஜயந்தி. அதுவும் பாஷை பாஷையாகக் குறைகிறது. இந்த ஊர் மராட்டிப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு முதலில் மராட்டி போயிற்று, பின்னாலேயே இந்தி, அப்புறம் இங்கிலீஷ். இப்போது தமிழ் மட்டும் பாக்கி. கறிகாய்க்காரரிடம் போய், "புடலங்காய் பிஞ்சா இருக்கா?" என்று கேட்கிறாள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் வெங்காயத்தாளைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்காக மாநகராட்சி ஒரு பகல்நேர மையம் திறந்திருக்கிறது. காலையில் வேன் வந்து அழைத்துப்போகும்; பஜனை, உடற்பயிற்சி, சாப்பாடு எல்லாம் ஆனபிறகு சாயங்காலம் கொண்டுவந்து விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டாக்டர் வைக்கும் ஞாபகப் பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினால்தான் இடம். பகலில் கொஞ்சம் கண்ணை மூடலாமே என்ற ஆசையில் நானும் அழைத்துப்போனேன். டாக்டர் தீப்தி சின்ன வயசு, சிரித்த முகம், ஆனால் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பட்டுவுக்கு ஒன்றும் புரியாததால், "காகா, நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றாள். (இந்த ஊரில் பெரியவர்களைக் காகா என்பார்கள். காக்காய் என்று எடுத்துக்கொள்ளாதே.)

"இன்று என்ன கிழமை?" என்று டாக்டர் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

"ஏன், அவாத்துல காலண்டர் கிடையாதா?" என்றாள் பட்டு.

அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள் பார், வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட குழந்தை மாதிரி. அந்தப் பெண்ணின் முன்னால் அவளைத் தோற்கவிட எனக்கு மனசு வரவில்லை. "செவ்வாய்க்கிழமை என்கிறாள்" என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்றதற்குக் கும்பகோணம் என்றாள்; நான் புனே என்றேன். மாம்பழம், சாவி, ரயில் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்து டாக்டர் திரும்பக் கேட்டபோது பட்டு என் காதருகே, "பாவம், அந்தப் பொண்ணு எதையோ தொலைச்சுட்டா. தேடிக் குடுங்கோளேன்" என்றாள். நான் மூன்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். "ஆஜி படுசுட்டி!" என்று டாக்டர் கை கொடுத்தாள். (ஆஜி என்றால் பாட்டி.) முழு மார்க். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஆட்டோவில் வீடு திரும்பும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முழு மார்க் வாங்கினவளுக்கு மையத்தில் இடம் கிடையாது. திடகாத்திரமான முதியவர் என்று சொல்லி, பூங்காவில் நடக்கும் சிரிப்பு யோகாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே தாத்தாக்களும் பாட்டிகளும் வட்டமாக நின்று, கையை உயர்த்தி, ஹோ ஹோ என்று சிரித்தார்கள். பட்டு மிரண்டுபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தப்பு பண்ணிட்டேன்னு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறா?" என்று கேட்டு அழுதாள். எல்லாரும் சிரிக்கும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் அழுதுகொண்டு நின்றோம். பயிற்சியாளருக்கு மிகுந்த வருத்தம்.

அதற்குப் பிறகு ஒரு நாள், நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பஸ் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "ஆத்துக்கு" என்றாளாம். மராட்டியில் 'ஆத்தா' என்றால் 'இப்போதே' என்று அர்த்தம். பாவம், ஏதோ அவசரம் என்று நினைத்து, முதியோர் இருக்கையில் உட்காரவைத்து, ஹடப்சர் கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய்விட்டார். அவள் கைப்பையில் என் நம்பர் இருந்தது. ஆனால் என் போன் ஓயாமல் பிஸி. நான் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டே முதியோர் உதவி எண்ணைக் கூப்பிட்டு, மராட்டிக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து என்று சொன்னதையெல்லாம் அழுத்தி, நடுவே அவர்கள் போட்ட புல்லாங்குழலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் வெறுத்துப்போய் வைத்த மறுநிமிஷம் மணி அடித்தது.

"ஐயா, நான் அந்தோணியம்மாள், ரிட்டயர்டு நர்ஸ். உங்க வீட்டம்மா பஸ் ஸ்டாண்டுல தமிழ்ல பேசிட்டிருந்தாங்க, கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கேன். பயப்படாதீங்க, டீ குடிச்சுக்கிட்டு எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லித் தர்றாங்க."

நான் நடுத்தெருவில் நின்று கை குவித்தேன்.

மறுநாளே டாக்டர் தீப்தியிடம் போய், அன்றைக்குப் பரீட்சை எழுதியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "என் அப்பாவும் அம்மாவுக்காக இதைத்தான் செய்வார், காகா" என்றாள். மறுபடி பரீட்சை வைத்தார்கள். இந்தத் தடவை மொழிபெயர்க்க அந்தோணியம்மாள். நான் அறைக்கு வெளியே பெஞ்சில். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கிழமை தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, மாம்பழமும் ரயிலும் போன இடம் தெரியவில்லை. கடைசியாக, "வெளியே உக்காந்திருக்காரே, அவர் யாரும்மா?" என்ற கேள்வி காதில் விழுந்தது.

"அவரா? ரொம்ப நல்ல மனுஷர். எங்காத்துக்காரர் வர்ற வரைக்கும் எனக்குத் துணைக்கு இருக்கார். பாவம், அவராத்துல தேட மாட்டாளோ?"

மையத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இப்போது வேன் ஒழுங்காக வருகிறது. அங்கே பஜனையில் தாளம் போடுகிறாளாம். திரும்பி வந்ததும், "இன்னும் உங்காத்துக்குப் போகலையா?" என்று விசாரிக்கிறாள். "உங்காத்துக்காரர் வந்ததும் போறேன்" என்று சொல்கிறேன். காபி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். ஆகவே கவலைப்பட எதுவும் இல்லை. ரயிலில் இரண்டு நாள் அலைந்து நீ இங்கே வரவே வேண்டாம். உனக்கு முழங்கால் வலி, இங்கே லிஃப்ட் வேறு ரிப்பேர். எல்லாவற்றையும் நான் ஒருவனாகவே நன்றாகச் சமாளிக்கிறேன்.

உனக்கும் ரவிசந்திரனுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஞாபகசக்தியும் குறையாமல் இருக்க அம்பாளை வேண்டும்,

உன் அத்திம்பேர்
சேஷு

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது பட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். "வைஜிக்கா? மழை வரப்போறது, குடையை எடுத்துண்டு சீக்கிரம் வரச் சொல்லுங்கோ" என்றாள். உன் பெயர் அவளிடம் இன்னும் இருக்கிறது, வைஜயந்தி. என்னால் முடியவில்லை. முழங்கால் வலித்தால் வலிக்கட்டும், கிளம்பி வா.