ஒற்றை பல்பு செவந்தியும் சிக்கனச் சான்றிதழும்

காற்றாலை சுற்றினால்தான் கரண்ட் என்றாகிவிட்ட ஒரு காட்டில், செவந்தி என்றொரு கோழி குடியிருந்தாள். அவளுக்குப் பதினொரு குஞ்சுகள். சிறகுக்குள் ஏழுதான் அடங்கும். மிச்சம் நாலும் ஒரு குண்டு பல்பின் சூட்டில்தான் பிழைத்துக் கிடந்தன. குளிர்காலம் வேறு.

அந்தக் காட்டில் சாயங்காலமானால் காற்று படுத்துவிடும். அந்நேரம் பார்த்துத்தான் எல்லோரும் எல்லாவற்றையும் ஓடவிடுவார்கள். மின்வாரியக் கரடியார் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டார். மாலை ஆறு முதல் ஒன்பது வரை, போன வாரத்தைவிடப் பத்து யூனிட் குறைத்துக் காட்டும் வீட்டுக்கு மின்வெட்டே கிடையாது. மற்ற வீடுகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் கட்.

பக்கத்து வீட்டு நரி, வெந்நீர்த் தொட்டியை அணைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தால் வாசலில் சிக்கனச் சான்றிதழ் தொங்கியது.

செவந்தி பதறிக்கொண்டு கரடியாரிடம் ஓடினாள்.

"ஐயா, எங்கிட்ட இருக்கிறதே ஒரு பல்புதானுங்க. அதை அணைச்சா நாலு புள்ளைங்களும் விறைச்சுப் போயிடும்."

கரடியார் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நல்லவர்தான், பாவம்.

"குறைக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா. போன வாரம் கொஞ்சம் தாராளமா இருந்திருக்கக் கூடாதா?"

செவந்தி விடாமல் கேட்டாள். "அடுத்த கணக்கு எப்போங்க?"

"மின்வெட்டு அடுத்த மாசம்தான். இந்த வாரம் எரிக்கிற கரண்டைப் பழைய கணக்குன்னு வச்சுக்கிட்டு, வர்ற வாரம் இன்னொரு தடவை பார்ப்போம்."

அன்று மாலையே முயல் வீட்டு கிரைண்டரும், குரங்கின் இஸ்திரிப் பெட்டியும், நரியின் பழைய ஹீட்டரும் செவந்தி வீட்டுக்கு இரவல் வந்தன. கிரைண்டர் மாவில்லாமல் சுற்றியது. இஸ்திரிப் பெட்டி வெறும் பாறையைத் தேய்த்தது. ஹீட்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டையே காய்ச்சியது. அந்த வாரம் முழுக்கச் செவந்திக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. குஞ்சுகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுவாரம் பல்பைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தாள். முப்பத்தெட்டு யூனிட் குறைந்திருந்தது! கரடியார் கண்கலங்கி, ஊர் கூட்டி, பொன்னாடை போர்த்தினார்.

"இந்தக் காட்டிலேயே இப்படி ஒரு சிக்கனக்காரியை நான் பார்த்ததில்லை. ரகசியத்தைச் சொல்லும்மா."

செவந்திக்குப் பொய் வராது. "எல்லாம் போன வாரம் வீணாக்கினதுதாங்க."

கைதட்டல் ஓயுமுன் ஹீட்டர் கடையில் வரிசை நின்றது. வரிசையில் மூன்றாவதாகக் கரடியாரின் மனைவி.

நீதி: சிக்கனமாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்; ஊதாரியாக இருந்து திருந்திக் காட்டுங்கள்.