மூணுமுழத்தக்காவின் முத்துமாலைகள்

பாளையங்கோட்டையில் கழுத்து என்று ஒன்று உள்ள எந்தப் பெண்ணும் மூணுமுழத்தக்காவிடமிருந்து தப்பியதில்லை. உயிரோடிருந்தவர்களும் தப்பவில்லை, செத்துப்போனவர்களும் தப்பவில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் எனக்கு எதிர்க்கட்டில் அவளுடையது. ஐம்பதைத் தாண்டிய வயது. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் ஊரிலுள்ள சண்டைகளைத் தட்டிவிட்டு சாயங்காலம் வந்து கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுப்பாள். உள்ளே முத்துமாலைகள். கண்ணாடி முத்து, பிளாஸ்டிக் முத்து, யாரோ ஐதராபாத் போய் வாங்கி வந்த நல்ல முத்து. அரிசி போல, மொச்சை போல, பழைய பல் போல. எல்லாமே நீளம். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிற மாலை ஒன்றுகூட அந்தப் பெட்டியில் கிடையாது.

பெயர் வந்த கதை ரொம்பச் சின்னது. ஜங்ஷன் பக்கத்துப் பேன்சி ஸ்டோரில், "முத்துமாலை என்ன நீளம்க்கா வேணும்?" என்று கேட்ட அண்ணாச்சியிடம் முழங்கையைக் கவுண்டர் மேல் ஊன்றி, "மூணு முழம்" என்றாளாம்.

"இது என்ன பிச்சிப்பூவாக்கா, முழம் போட்டுக் குடுக்க?"

"பிச்சிப்பூ சாயங்காலம் வாடிரும் அண்ணாச்சி. இதுக்குத்தான் சரியா அளக்கணும்."

அன்றிலிருந்து மூணுமுழம். கூப்பிடும்போது அக்கா, முதுகுக்குப் பின்னால் மூணுமுழத்தக்கா. சொந்தப் பெயரை மெஸ் ஆயாகூட மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் எங்கள் வராண்டா செக்போஸ்ட் ஆகிவிடும். "ஏட்டி, இங்கன வா. குட்டைக் கழுத்துக்காரி குட்டை மாலை போட்டா, தலையைத் தட்டுல வச்சு நீட்டுன மாதிரில்லா இருக்கு. அதக் கழத்து." நெட்டைக்காரிக்கு மாலையை இரண்டு சுற்றாக மடிப்பாள், ஒரு சுற்று நெஞ்சில், ஒரு சுற்று தொப்புளுக்கு மேலே. பூப்போட்ட சேலைக்கு மாலையே கூடாது, "ரெண்டும் சண்டை போடும், வக்கீல் பீசு நான் வாங்க முடியாது." பவுடர் போட்டு, சென்ட் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து ஏற வேண்டும். முதலில் மாலையைப் போட்டுக்கொண்டு மேலே பவுடரைக் கொட்டிய ஒருத்தியை, "முத்துக்கு மூச்சு முட்டுது, ஒனக்குத் தெரியலையா?" என்று அழவைத்தே விட்டாள்.

கல்யாண வீடுகள் இன்னும் மோசம். மேடையேறி மணப்பெண்ணை வாழ்த்துவதுபோல் குனிந்து, அவள் மாலையைத் தூக்கி ஒரு முத்தைத் தன் முன்பல்லில் உரசிப் பார்ப்பாள். நறநறவென்றால் நல்ல முத்து. வழுக்கினால் பிளாஸ்டிக். "யாருவே இது, பொண்ணு மாலையைக் கடிக்கா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தியது இன்னும் யாருடைய கல்யாண வீடியோவிலோ இருக்கிறது. அக்கா கேமராவைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்: "வழுக்குது."

சாவு வீட்டுக்கும் அவள் போனாள். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இறந்துபோனார். கல்யாணச் சேலை கட்டி, கழுத்தில் நீள முத்துமாலை போட்டு, சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். போதகர் வேதத்தைத் திறந்துவிட்டார். போட்டோ எடுப்பவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் கையை விட்டாள்.

"நின்னா தொங்குறது வேற, படுத்தா கெடக்குறது வேற. மாலை பூரா ஒரு பக்கமா சரிஞ்சு அக்குளுக்குள்ள போயிட்டு, ஒருத்தரும் பாக்கலையா?" தன் முந்தானையிலிருந்து ஊக்கை எடுத்து மாலையைச் சேலையோடு குத்தினாள். அந்தக் குளிர்ந்த நெஞ்சின் மேல் முத்துகளை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இப்ப எடு தம்பி" என்றாள். அந்தப் படம்தான் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. இறந்தவர் கொஞ்சம் திருப்தியாக இருப்பதுபோல் தெரியும்.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் ஜெபா வந்தாள். ஸ்ரீவைகுண்டத்துப் பெண். தனியார் ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டரில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்திரை வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கு அடுத்த கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்துத் துப்பட்டா நழுவியபோது பார்த்தோம். கழுத்தில் நாவல்பழம் நசுங்கிய நிறம். நாங்கள் எல்லோரும் கவனமாக ஜன்னலைப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகத் தகவல். மாமியார், மாப்பிள்ளை, சபைப் பெரியவர் ஒருவர். பேசி, ஜெபம் பண்ணி, அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவளுக்குப் போக விருப்பமில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை. அன்று காலை ஐந்து வடத்தில் ஓர் ஒட்டுமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா முன்னால் நின்றாள். முந்தின நாள் அவளே கடைக்குப் போய் வாங்கியது.

"அக்கா, பின்னால கொக்கி எட்டல. மாட்டி விடுங்க."

அக்கா மாலையை வாங்கிப் பார்த்தாள். பல்லில்கூட உரசவில்லை.

"இதுவா? இது கழுத்தைப் புடிக்கிற மாலைட்டி. ஒனக்குப் புடிச்சது போதாதா?"

எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்கா பெட்டியைத் திறந்து நல்ல முத்தில் நீளமாக ஒன்றை எடுத்து, துப்பட்டாவை உருவிவிட்டு, அவள் தலை வழியாகப் போட்டாள். மாலை வயிறு வரை இறங்கியது. கழுத்து வெட்டவெளியாக மேலே நின்றது.

"தெரியுதுக்கா" என்றாள் ஜெபா.

"தெரியட்டும்."

பார்வையாளர் அறையில் விடுதிக்கே உரிய சாயம்போன சோபா. நான் காபி கொண்டு போனேன். சபைப் பெரியவர் குடும்பம், பொறுமை, மன்னிப்பு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். மாமியார், "எம்புள்ள அவளக் கைநீட்டித் தொட்டது கெடையாது" என்றார். அப்போது அழைக்காமலே உள்ளே வந்தாள் மூணுமுழத்தக்கா.

"அண்ணாச்சி, பேச்சுக்கு நடுவுல வாரதுக்கு மன்னிக்கணும். இந்த மாலை இவளுக்கு நீளம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. மேல இருந்து பாருங்க, கழுத்துல இருந்து."

எல்லோரும் பார்த்தார்கள். பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தான். "அது கவரிங் செயின் போட்டதுல கறுத்தது. அவளுக்குக் கவரிங் ஒத்துக்காது."

உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, அவன் அந்த அறையில், அந்த அக்கா முன்னால், அதைத் தேர்ந்தெடுத்தான்.

"கவரிங்கா?" அக்காவின் குரல் பேன்சி ஸ்டோரில் பேரம் பேசும் குரலாகவே இருந்தது. "கவரிங் கறுத்தா சுத்திவரக் கறுக்கும் மாப்ள. பின்னால கொக்கி கிட்ட கூடுதலாக் கறுக்கும், வேர்வை நிக்க எடம்லா. இது தொண்டைக்கு ஒரு பக்கம் நாலு விரலு, மறுபக்கம் கட்டைவிரலுல்லா கறுத்திருக்கு? எந்தக் கடையில வாங்குன? விரலோட வார கவரிங்க நான் பாத்ததே இல்ல."

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். பெரியவர் தொண்டையைச் செருமி, "இன்னைக்கு... ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போவோம்" என்றார். ஜெபத்துக்குக் கை கூப்ப வேண்டுமே. அவன் கைகளை வெளியே எடுத்தான். கண்ணை மூடாமல் ஜெபித்த ஒரு கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். அவனைப் பெற்றவளும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் யார் வாயிலிருந்தும் முழுசாக வரவில்லை.

அவளை அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஜெயித்தோம் என்று நினைத்தோம். ஆனால் கதவு மூடியதும் ஜெபா மாலையைக் கழற்றினாள். "என் மானத்தை அத்தன பேருக்கு முன்னால தொங்க விட்டுட்டீங்கல்லக்கா" என்றாள். பிறகு அக்காவிடம் பேசவேயில்லை. ஆடி மாதம் அவன் தனியாக வந்து விடுதி வாசலில் நின்று அழுதான். தாமிரபரணியில் விழுந்து செத்துப்போவேன் என்றான். அதற்கு மறுநாள் அவள் பெட்டியைக் கட்டினாள்.

அக்கா தடுக்கவில்லை. அதே நீள மாலையைக் கொண்டுபோய் நீட்டினாள். "ஏட்டி, கொண்டு போ. இதுல கொக்கியே கெடையாது. வேண்டாம்னா தலை வழியா உருவிரலாம், யாரு தயவும் வேண்டாம்."

ஜெபா அதைத் தன் காலிக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்காவுக்குக் கிறுக்கு முற்றியது அதற்குப் பிறகுதான் என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த மாலையை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். பிறகு பெட்டியிலிருந்த அத்தனையையும் அந்தக் கட்டிலில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பரப்பினாள். வார்டன் புதுப் பெண் யாரையாவது கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் மறித்து நிற்பாள்.

"முத்தைத் தொங்க விட்டா நூலு நீண்டுரும். பெட்டியில குமிச்சா ஒண்ணோட ஒண்ணு உரசிரும். படுக்கத்தான் வைக்கணும். தூங்குதுல்லா, பைய பேசுங்க."

"மாலைக்கெல்லாம் கட்டில் குடுக்க இது என்ன மியூசியமா?" என்று வார்டன் கத்துவாள். கத்திவிட்டு, புதுப் பெண்ணை மாடி அறைக்கு அனுப்புவாள். கிறுக்கோடு யார் மல்லுக்கட்டுவது? நாங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டிலைக் காட்டிச் சிரித்தோம்.

கார்த்திகை மழை ஆற்றைச் செம்மண் நிறமாக்கிய ஒரு மத்தியானம் ஜெபா திரும்பி வந்தாள். பெட்டி இல்லை, பை இல்லை, காலில் செருப்பு இல்லை. வலது கையில் மாவுக்கட்டு. அதுவும் நனைந்து ஊறியிருந்தது. வார்டன் அவளை ஏறிட்டுப் பார்த்து, "கட்டில் ஒண்ணும் காலி இல்லையேம்மா" என்று ஆரம்பித்தாள்.

அக்கா எழுந்தாள். முந்தானையை விரித்து, கட்டிலில் கிடந்த மாலைகள் எல்லாவற்றையும் ஒரே வாரலாக மடியில் வாரிக்கொண்டாள்.

"எல்லாம் தூங்கி எந்திச்சாச்சு. ஏட்டி, நீ படு."

ஜெபா ஈரத்தோடு படுத்தாள். யாரோ போர்வை போர்த்தினார்கள். சற்று நேரத்தில் மூச்சு சீராகியது. அக்கா மடி நிறைய முத்தோடு அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மெஸ் மணி அடித்தது. நான் தட்டைக் காட்டிச் சைகை செய்தேன். வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்தால் முத்து சலசலக்கும், அவள் விழித்துக்கொள்வாள் என்று பொழுது சாயும்வரை அப்படியே அசையாமல் இருந்தாள்.